பதினாலா, நாப்பதா

சலாலாவில் ஜூலை மாதம்
வெயிலுக்கு விடுப்பு.
மலையிலிருந்து இறங்கும் சாரல்
ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
வழியவும் மாட்டேன் என்கிறது.

இரவு மூன்று பத்து.
ஆறாம் கட்டிலில் மிர்பாத் மீனவர் முசல்லம்.
சுகர் இருபத்தாறு புள்ளி நாலு.
மகள் நாற்காலியிலேயே உறங்குகிறாள்
ஒரு கால் செருப்பு கழன்று.

தொலைபேசிக்கு மேலே சுவரில்
டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று ஓர் அட்டை.
நான்கு கட்டம்.
நிலைமை சொல். பின்னணி சொல். நீ நினைப்பதைச் சொல்.
நான்காவது: என்ன செய்யலாம் என்று நீயே சொல்.
மூன்று கட்டம்வரை எல்லோரும் போவோம்.
நான்காவது வந்ததும் மாரிசெல் இருமுவாள்.
சூசம்மா சேச்சி "டாக்டர் பறையும்போலே" என்பாள்.
நான் பேனாவை மூடித் திறப்பேன்.
பதினோரு வருடத்தில் அட்டையை
மூன்று தடவை மாற்றிவிட்டார்கள்.
இப்போது லேமினேஷன்.

இன்றைக்கு டியூட்டி டாக்டர் பிரகதீசன்.
தஞ்சாவூர்க்காரர்.
அவர் சொல்லித் தெரிந்ததில்லை,
கேண்டீன் சமையற்காரரிடம்
ஊறுகாய் கேட்ட தமிழில் தெரிந்தது.
முதல் வாரம் "சாருக்கு எந்த ஊரு?" என்றேன்.
"விச் பெட், சிஸ்டர்?" என்றார்.
அதோடு சரி.
அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே ஆங்கிலம்,
கட்டிலைச் சுற்றி இழுத்துவிடும்
துவைத்த திரைச்சீலை மாதிரி.

எனக்கு எஸ்கலின் என்று பெயர்.
சட்டையில் குத்தியிருக்கிறது, அரபியிலும்.

மூன்று முறை அடித்து நான்காவதில் எடுத்தார்.
ஆங்கிலத்தில் எண்ணைச் சொன்னேன்.
ஆங்கிலத்தில் எண்ணைச் சொன்னார்.
ஃபோர்ட்டீன்.
அல்லது ஃபோர்ட்டி.
கடைசி எழுத்து மூடுபனிக்குள் போய்விட்டது.

கேட்டதைத் திரும்பச் சொல்லவேண்டும், விதி.
சொன்னேன்.
"யெஸ், யெஸ்."
எதற்கு யெஸ்?
இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொன்னேனோ
கருங்கல் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில்?
மறுபடி கேட்டேன்.
"ஹவ் மெனி டைம்ஸ், சிஸ்டர்?"

கையில் இன்சுலின் ஊசி.
பதினாலாம் கோட்டுக்கும் நாற்பதாம் கோட்டுக்கும் நடுவே
ஒரு விரற்கடை தூரம்.
அதற்குள்தான் படுத்திருக்கிறார் முசல்லம்,
அவருடைய படகு, அதன் கடன்,
மகள், கழன்ற செருப்பு எல்லாம்.

அட்டை ஞாபகத்துக்கு வரவில்லை.
வாயில் வந்தது இதுதான்:
"சார், பதினாலா, நாப்பதா?"

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.
பிறகு சுவிட்ச் போடும் சத்தம்.
பிறகு, கோட்டு மாட்டாத,
வீட்டுக்குள் லுங்கியோடு திரியும் ஒரு குரல்:
"ஐயோ, பதினாலு. பதினாலுதான் போடுங்க."

போடுங்க.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே யூ.
அதற்குள் மரியாதை இருக்கிறதா என்று
பதினோரு வருடமாக மோந்து பார்த்திருக்கிறேன்.
தமிழில் தப்பிக்க இடமில்லை.
போடு என்றால் போடு.
அந்த 'ங்க'வைக் கொடுக்க
வாயைத் திறந்தே ஆகவேண்டும்,
அரைத் தூக்கத்திலும்.

கோப்பில் எழுதினேன்:
தொலைபேசி உத்தரவு. திரும்பச் சொல்லி உறுதிசெய்யப்பட்டது.
எந்த மொழியில் என்று கேட்கக் கட்டமில்லை.

காலை ரவுண்ட்ஸ்.
பேரீச்சம்பழம் கேட்டு முசல்லம்
மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
டாக்டர் நனைந்த தலையோடு வந்தார்.
எழுந்து நின்றோம்.
அது எந்த அட்டையிலும் இல்லை,
லேமினேஷன் இல்லாமலே நடக்கிறது.

மூன்று கட்டம் சொன்னேன்.
நகராமல் நின்றார்.
மாரிசெல் இருமினாள்.
நான்காவதையும் சொன்னேன்:
இனி எண்ணைப் பிரித்துச் சொல்லலாம் டாக்டர்,
ஒன்று, நாலு என்று.

ஊசியளவு நேரம் என் முகத்தைப் பார்த்தார்.
"ஓகே" என்றார்.
எதற்கு என்று தெரிந்த ஓகே.

ஏழாம் கட்டிலுக்குத் திரும்பிய முதுகு
மறுபடி ஆங்கிலத்தில் இருந்தது.